கால்நடை மருத்துவ மாணவரின் கைப்பயிற்சியும் குடியானவர் அதனால் அறிய வேண்டியவையும்

மாடு தீனி எடுக்கவில்லையென்று குடியானவர் ஆள் அனுப்ப, கால்நடை மருத்துவர் தொழுவத்திற்கு வருகிறார். சற்றுத் தூரத்தில் நின்று மாட்டை உற்றுப் பார்க்கிறார், வாலைத் தூக்கி அதன் அடிப்புறத்தில் விரலை வைக்கிறார், வெப்பமானியைச் செருகுகிறார், இடப்பக்கத்து விலாப்பள்ளத்தில் கையை அழுத்திவைத்துக்கொண்டு கடிகாரத்தைப் பார்க்கிறார், பின்னர் நாலைந்து கேள்விகள் கேட்கிறார். இவையாவும் கால் மணி நேரத்தில் முடிந்துவிடும். ஊசி போடுவதே வைத்தியம், மற்றவை வீண் தாமதம் என்று எண்ணுவோரும் உளர். உண்மை இதற்கு மாறானது. ஊசி போடக் கற்பதற்குச் சில நாட்கள் போதும். அக்கால் மணி நேரப் பரிசோதனையைத் தவறின்றிச் செய்யக் கற்பதற்கே மாணவர் ஆண்டுக் கணக்கில் பாடுபடுகின்றனர்.

அப்பயிற்சி நடைபெறும் விதத்தை நிலமுடையோரும் கிராம அலுவலரும் அறிந்திருத்தல் மிகவும் பயனுடையது. ஏனெனில், மாணவர் வருந்திப் பெறும் அறிவில் ஒரு பகுதி, மாட்டோடு நாடோறும் பழகும் குடியானவருக்கு முன்னமே கைவந்ததாகும். அதனை ஓர் ஒழுங்கிற்குக் கொண்டுவந்தால், நோயை இரண்டொரு நாள் முன்னதாகவே கண்டுகொள்ளலாம். பல வியாதிகளில் மாடு பிழைப்பதும் இறப்பதும் அந்த இரண்டொரு நாளைப் பொறுத்தே இருக்கின்றன.

கல்லூரிகள் தோன்றிய காரணம்

கால்நடை மருத்துவத்தைக் கற்பிப்பதற்கென்று ஏற்பட்ட முதற் பள்ளி, பிரான்சு தேசத்து லியோன் நகரில் 1761-ஆம் ஆண்டு அரசாணையின்படி குளோட் பூர்ழெலா என்பவரால் நிறுவப்பட்டது. அக்காலத்தில் ஐரோப்பாவெங்கும் மாடுகளைக் கொள்ளைகொண்ட வெக்கை நோயே அதற்கு முக்கிய காரணம். இந்திய நாட்டில் லாகூரில் 1882-லும், பம்பாயில் 1886-லும், கல்கத்தாவில் 1893-லும் இத்தகைய கல்விச்சாலைகள் ஏற்பட்டன. சென்னை வேப்பேரியில் உள்ள கல்லூரி 1903-ஆம் ஆண்டு அக்டோபர் மாதம் இருபது மாணவர்களுடன் தொடங்கிற்று. 1930-களின் நடுவில் அது சென்னைச் சர்வகலாசாலையுடன் இணைக்கப்பெற்றுப் பட்டப்படிப்பு அளிக்கலாயிற்று. 1989-ல் கால்நடை மருத்துவத்திற்கெனத் தனிப் பல்கலைக்கழகமே தமிழ்நாட்டில் நிறுவப்பட்டது. நாமக்கல், திருநெல்வேலி, ஒரத்தநாடு முதலிய இடங்களிலும் இப்போது கல்லூரிகள் உள்ளன.

இக்கல்லூரிகளால் விளைந்த பயனுக்கு வெக்கை நோய் ஒன்றே சான்று. ஊர் ஊராகத் தொழுவங்களைக் காலியாக்கிய அந்நோய், இந்தியாவில் கடைசியாக 1995-ல் காணப்பட்டது. உலகிலிருந்தே ஒழிந்ததென்று 2011-ல் அறிவிக்கப்பட்டது. தடுப்பு மருந்து இல்லாமல் இது நடந்திராது. ஆயினும் மருந்து புட்டியில் இருந்தால் மட்டும் போதாது. அதனைக் கெடாமற் குளிர்ச்சியில் வைத்துக் கிராமந்தோறும் கொண்டுபோய், முரட்டு மாட்டையும் அடக்கிச் செலுத்தவும், புதிதாய் நோய் கண்ட இடத்தை உடனே இனங்காணவும் பழகிய கைகளும் கண்களும் வேண்டும்.

முதலாண்டு: நலமுள்ள மாட்டை அறிதல்

இப்போதுள்ள பட்டப்படிப்பு ஐந்தரை ஆண்டுகள் கொண்டது. நாலரை ஆண்டு பாடமும் செய்முறையும். எஞ்சிய ஓராண்டு முழுவதும் ஆஸ்பத்திரி, பண்ணை முதலிய இடங்களில் நேர்ப்பயிற்சி. மாணவர் விடுதியில் தங்கிப் படிப்பர். நகரத்தில் வளர்ந்து, மாட்டின் கயிற்றைப் பிடித்தறியாதவர் பலர் இவர்களுள் உண்டு. பெண்களும் பெருந்தொகையினராய்ச் சேர்ந்து படிக்கின்றனர்.

முதலாண்டில் நோயைப் பற்றிய பாடம் மிகக் குறைவு. பண்ணை முறை வரும்போது விடியுமுன் எழுந்து, முழங்கால் அளவு ரப்பர்ச் செருப்பணிந்து, கொட்டில் கூட்டிச் சாணமள்ளித் தீனி நிறுத்துப் போட்டுப் பால் கறக்கப் பழகுவதே அவர்கள் வேலை. மாட்டின் அருகே செல்லுகையில் குரல் கொடுத்துக்கொண்டு பக்கவாட்டில் அணுக வேண்டும் என்பது முதற் பாடம். கட்டைவிரலை மடக்கிக் காம்பை நெரிக்காமல் முழுக்கையாற் கறக்க வேண்டும் என்பது அடுத்த பாடம். மடக்கிய விரல் காம்பின் உட்புறத்தைப் புண்படுத்தி மடிநோய்க்கு வழிசெய்யும்.

இவ்வேலை மருத்துவராகப் போகிறவருக்கு எதற்கென்று சிலர் கேட்கலாம். நலமுள்ள மாடு எவ்வாறு நிற்கும், படுக்கும், எழும், மூச்சு விடும் என்று அறியாதவர், நோயுற்ற மாட்டைக் கண்டால் வேறுபாடு அறியமாட்டார் என்பதே இதற்கு விடை. ஆதலால் மாணவர் நலமுள்ள மாடுகளையே திரும்பத் திரும்பப் பரிசோதித்துக் குறிப்பேட்டில் எழுதுகின்றனர். அவர்கள் மனனம் செய்யும் அளவுகள் வருமாறு:

உடல் வெப்பம், ஆசனவாயில் வைத்துப் பார்க்கையில், 101 முதல் 102½ டிகிரி பாரன்ஹீட். நாடி, வாலின் அடிப்புறத்தில், நிமிஷத்திற்கு 50 முதல் 80 வரை. மூச்சு, நிழலில் ஓய்வாய் நிற்கையில், நிமிஷத்திற்கு 10 முதல் 30 வரை. வெயிலில் இது மிகும். இடப்பக்க விலாப்பள்ளத்தில் கையை வைத்தால் முதல் வயிறு புரண்டு கையைத் தள்ளுவது இரண்டு நிமிஷத்தில் இரண்டு முதல் நான்கு தடவை. அசை போடுவது நாளொன்றுக்கு ஏறக்குறைய ஆறு முதல் எட்டு மணி நேரம். மூக்கின் நுனி பனித்துளி படிந்ததுபோல் ஈரமாய் இருக்கும்.

இவற்றை அறிய விலையுயர்ந்த கருவி ஒன்றும் வேண்டியதில்லை. ஒரு வெப்பமானியும் ஒரு கடிகாரமும் போதும். தம் மாடு நலமாயிருக்கும்போதே இவற்றை நாலைந்து முறை பார்த்து எழுதிவைத்துக்கொள்ளும் குடியானவர், அது தீனி மறுக்கும் நாளில் மருத்துவருக்குச் சொல்லும் செய்தி மிகவும் தெளிவாயிருக்கும். “மாடு சோர்ந்திருக்கிறது” என்பதற்கும், “காலையில் வெப்பம் 105 டிகிரி, நேற்று மாலைமுதல் அசை இல்லை” என்பதற்கும் உள்ள வேறுபாடு பெரிது. பின்னதைக் கேட்ட மருத்துவர் எந்த மருந்தோடு, எவ்வளவு விரைவிற் புறப்பட வேண்டும் என்பதை அப்போதே தீர்மானித்துக்கொள்வார்.

அடக்குதலும் மருந்து புகட்டுதலும்

மாட்டை அடித்து வீழ்த்தாமல் கயிற்றினால் கிடத்தும் முறை அடுத்துக் கற்பிக்கப்படுகிறது. சுமார் முப்பது அடி நீளமுள்ள உறுதியான கயிற்றைக் கழுத்தில் இறுகாத சுருக்காய்க் கட்டி, முன்னங்கால்களுக்குப் பின்னே மார்பைச் சுற்றி ஒரு மடிப்பும், மடிக்கு முன்னே வயிற்றைச் சுற்றி ஒரு மடிப்பும் போட்டு, நேர் பின்புறமாய் இருவர் சீராய் இழுத்தால், மாடு தானே கால் மடித்துப் படுக்கும். தரை மிருதுவாயிருத்தல் வேண்டும். தலையை ஒருவர் பிடித்திருத்தல் வேண்டும். பக்கவாட்டில் நெடுநேரம் கிடத்தினால் வயிறு உப்பி மூச்சு முட்டுமாதலால் வேலை முடிந்ததும் எழுப்பிவிட வேண்டும். சினைமாட்டை இவ்வாறு கிடத்துதல் தகாது.

மருந்து புகட்டுவதில் கிராமங்களில் நேரும் பிழை ஒன்று மாணவருக்கு விசேஷமாய் எடுத்துக் காட்டப்படுகிறது. தலையை வானோக்கித் தூக்கி, நாக்கை வெளியே இழுத்துப் பிடித்துக்கொண்டு, மூங்கிற் குழாயால் கஷாயத்தை ஒரே மூச்சில் ஊற்றினால், அது இரைப்பைக்குச் செல்லாமல் நுரையீரலிற் புகும். சாதாரண அஜீரணத்திற்கு மருந்து பெற்ற மாடு, சில நாட்களில் நுரையீரல் அழற்சியால் மடிவது இவ்வாறே. தலையை முதுகு மட்டத்திற்குச் சற்றே மேலாக மட்டும் உயர்த்தி, கடைவாய் வழியே சிறிது சிறிதாய், விழுங்க இடம் கொடுத்து ஊற்ற வேண்டும். மாடு இருமினால் உடனே தலையைத் தாழ்த்திவிட வேண்டும். விழுங்க இயலாத மாட்டிற்கு எதையும் புகட்டலாகாது.

மருந்தின் அளவு மாட்டின் எடையைப் பொறுத்தது. எடை காணும் பெருந்தராசு கிராமத்தில் இல்லையாதலால், அளவுநாடாவைக் கொண்டு கணக்கிடும் முறையை மாணவர் கற்கின்றனர். முன்னங்கால்களுக்கு நேர் பின்னே மார்பின் சுற்றளவையும், தோள் முனை முதல் பிட்டத்தெலும்பின் முனை வரை நீளத்தையும் அங்குலத்தில் அளக்க வேண்டும். சுற்றளவை அதே சுற்றளவாற் பெருக்கி, வந்ததை நீளத்தாற் பெருக்கி, 300-ஆல் வகுத்தால் எடை ராத்தலில் கிடைக்கும். உதாரணமாக, சுற்றளவு 60 அங்குலமும் நீளம் 50 அங்குலமும் உள்ள பசுவின் எடை 600 ராத்தல், அதாவது ஏறக்குறைய 272 கிலோ. அடர்தீனி அளவைத் தீர்மானிக்கவும் குடியானவருக்கு இக்கணக்கு உதவும்.

அறுவைக் கூடம்

உடற்கூற்றுப் பாடத்தில், மருந்திட்டுக் கெடாமல் வைத்த பிணங்களை மாணவர் அறுத்து, எலும்பு, தசை, நரம்பு, குடல் இவற்றைக் கையினால் தொட்டறிகின்றனர். பிற்பட்ட ஆண்டுகளில் நோயால் இறந்த கால்நடைகளைப் பரிசோதித்து, எந்த உறுப்பு எந்நோயால் எவ்வாறு மாறியிருக்கிறது என்று காண்கின்றனர். மாடுகள் விழுங்கிய கம்பியும் ஆணியும் வயிற்றினின்று இதயப்பையைக் குத்தியிருப்பதை ஒருமுறை கண்ணாற் கண்ட மாணவர், வைக்கோற் கட்டில் கம்பி கிடக்கக்கூடாதென்று பிற்காலத்தில் ஊராருக்கு வற்புறுத்திச் சொல்லாமலிரார்.

எனினும், எப்போது கத்தியை எடுக்கக்கூடாது என்பதே அக்கூடத்தின் முதல் விதி. முன்பு நலமாயிருந்த மாடு திடீரென இறந்து, மூக்கு, வாய், ஆசனவாய் இவற்றினின்று உறையாத கறுத்த இரத்தம் கசிந்தால், அது அடைப்பான் நோயென்று ஐயுற வேண்டும். அப்பிணத்தை அறுத்தால், உள்ளிருந்த கிருமி காற்றுப்பட்டு வித்தாக மாறி, மண்ணில் பல பத்தாண்டுகள் சாகாமல் கிடந்து, மேயவரும் மாடுகளைக் கொல்லும். அறுத்தவருக்கும் தோலுரித்தவருக்கும் நோய் தொற்றும். ஆதலின் மாணவர் காது நுனியினின்று ஒரு துளி இரத்தம் மட்டும் எடுத்துப் பூதக்கண்ணாடியிற் பார்த்து, நோய் இன்னதென்று தெளிந்த பின்னரே மேலே செல்வர்.

கிராம அலுவலர் இதனைக் குறிப்பாய்க் கவனித்தல் வேண்டும். கால்நடைத் தொற்றுநோய்களைப் பற்றிய 2009-ஆம் ஆண்டுச் சட்டப்படி, அட்டவணையிற் கண்ட நோய் இருப்பதாக ஐயுறும் உடைமையாளர் கிராம அலுவலருக்கோ பஞ்சாயத்துப் பொறுப்பாளருக்கோ அறிவிக்கக் கடமைப்பட்டவர். அச்செய்தி அங்கிருந்து அருகிலுள்ள கால்நடை மருத்துவருக்கு எழுத்து மூலம் போய்ச் சேர வேண்டியது. அடைப்பான் அவ்வட்டவணையிற் சேர்ந்தது. அறிவிப்பு ஒரு நாள் தாமதித்தால், அதற்குள் தோல் விலையாகிவிடும். இறைச்சி பல வீடுகளுக்குப் போய்விடும்.

ஆஸ்பத்திரிப் பயிற்சி

மேல்வகுப்பு மாணவர் கல்லூரி ஆஸ்பத்திரியில் முறைவைத்து இரவும் பகலும் வேலை பார்க்கின்றனர். கேட்டல், பார்த்தல், தொடுதல், செவிமடுத்தல் என்னும் வரிசையை அவர்கள் மீறலாகாது. கேட்டலே முதலிடம் பெற்றதன் காரணம் தெளிவு. மாடு வாய் திறந்து சொல்லாது. அதற்காகச் சொல்பவர் உடைமையாளரே. என்றுமுதல் தீனி மறுத்தது, சாணம் எப்படி, கன்று ஈன்று எத்தனை நாள், கடைசியாய்ச் சினை ஊசி எப்போது, இதற்குமுன் யார் என்ன மருந்து கொடுத்தார் என்பனவே கேள்விகள்.

கடைசிக் கேள்விக்குப் பலர் உண்மை சொல்லக் கூசுகின்றனர். முன்பே வேறொருவரைக் கொண்டு ஊசி போட்டதை மறைத்தால், அதே மருந்தை மறுபடியும் கொடுத்து மாட்டிற்குத் தீங்கு நேரலாம். அன்றி, காய்ச்சல் தணிந்து நோய்க்குறி மறைந்திருப்பதை மருத்துவர் அறியாமற் போகலாம். மருந்து கொடுத்த மாட்டின் பாலை மருத்துவர் குறிக்கும் நாள் வரை விற்கலாகாது என்பதும் இங்கே மாணவர் உடைமையாளருக்கு எடுத்துச் சொல்லப் பழகும் செய்திகளில் ஒன்று.

தற்காப்பும் ஒரு பாடமே. எச்சில் ஒழுகி விழுங்கமாட்டாது நிற்கும் மாட்டின் வாயில், தொண்டையில் ஏதோ சிக்கியதென்று கருதி வெறுங்கையை விடுவது பேராபத்து. அது வெறிநாய் கடித்ததால் வந்த நோயாயிருக்கக்கூடும். கன்று வீசிய மாட்டின் நஞ்சுக்கொடியையும் வெறுங்கையால் தொடலாகாது. கருச்சிதைவு நோய் மனிதரையும் பற்றி, நெடுநாட் காய்ச்சலாய் வருத்தும்.

ஈற்றுக்கு உதவுதல்

கைப்பயிற்சியின் சிகரம் இதுவே. கன்று ஈனமாட்டாமல் தவிக்கும் பசுவின்மீது மாணவரை முதலிலேயே கைவைக்க விடுவதில்லை. பசுவின் இடுப்பைப்போல் அமைத்த மரப்பெட்டியினுள் இறந்த கன்றைப் பலவாறு கோணலாக வைத்து, உள்ளே பாராமல், கையை மட்டும் விட்டு, தொடுவது முன்னங்காலா பின்னங்காலா, தலை எப்பக்கம் திரும்பியிருக்கிறது என்று சொல்லும்படி செய்கின்றனர். முழங்காலும் குதிகால் மூட்டும் மடங்கும் திசையைக்கொண்டு முன்னங்கால் பின்னங்கால் வேறுபாட்டை விரல்களே அறிய வேண்டும். மடங்கிய காலை நிமிர்த்தவும், திரும்பிய தலையை நேராக்கவும் பலமுறை பழகிய பின்னரே, ஆசிரியர் அருகிருக்க, உயிருள்ள பசுவிற்கு உதவ அனுமதி கிடைக்கும்.

இப்பயிற்சியில் மாணவர் அறியும் பேருண்மை, இழுப்பதற்கு முன் தள்ள வேண்டும் என்பதாகும். கோணலாய் வரும் கன்றை, பசு முக்காத இடைவேளையில் மெல்ல உள்ளே தள்ளி, இடம் உண்டாக்கிக்கொண்டு நேராக்க வேண்டும். இரு முன்னங்கால்களும் அவற்றின்மேல் தலையும் வரிசையாய் வந்தபின்னரே, கணுவிற்கு மேல் சுத்தமான கயிறிட்டு, பசு முக்கும்போது மட்டும், கீழ்நோக்கி இழுக்க வேண்டும்.

கிராமத்தில் பெரும்பாலும் நடப்பது இதற்கு நேர்மாறு. வெளியே தெரிந்த ஒற்றைக் காலிற் கயிறு கட்டி நால்வர் ஐவர் சேர்ந்து இழுக்கின்றனர். தலை பின்னோக்கித் திரும்பியிருக்கையில் எத்தனை பேர் இழுத்தாலும் கன்று வாராது, கருப்பை கிழியும், கன்று மடியும். எல்லாம் முடிந்து, விடியற்காலையில் மருத்துவருக்கு ஆள் போகும். அப்போது அவர் எவ்வளவு தேர்ந்தவராயினும் செய்யக்கூடியது சிறிதே. பனிக்குடம் உடைந்து, பசு முக்கிக்கொண்டிருந்தும் ஒரு மணி நேரத்தில் கன்று முன்னேறாவிட்டால், இழுக்காமல் உடனே அழைப்பதே பசுவையும் கன்றையும் காக்கும் வழி. ஈன்ற பின் பன்னிரண்டு மணி நேரத்தில் நஞ்சுக்கொடி விழாவிட்டால் மருத்துவருக்குத் தெரிவிக்க வேண்டும். அதிற் கல்லையோ செருப்பையோ கட்டித் தொங்கவிடுதல் கூடாது.

கிராமத்தில் பயிற்சி

நகரத்து ஆஸ்பத்திரிக்கு நாயும் பூனையும் மிகுதியாய் வருவது இயல்பு. உழவு மாடு, எருமை, வெள்ளாடு, செம்மறி இவற்றின் நோய்களைப் பார்த்துத் தேற, மாணவர் கிராமங்களுக்கே செல்ல வேண்டும். இதற்காகக் கல்லூரியார் சிகிச்சை முகாம்களுக்கு அவர்களை அழைத்துச் செல்கின்றனர். கடைசி ஓராண்டுப் பயிற்சியிலும் பண்ணைகளிலும் மருந்தகங்களிலும் வேலை தருகின்றனர்.

“படிக்கும் பிள்ளைகள் என் மாட்டிற் பழகுவதா?” என்று சிலர் மறுப்பதுண்டு. மாணவர் தனித்து விடப்படுவதில்லை. ஆசிரியரோ மருத்துவரோ உடனிருந்து மேற்பார்க்கின்றனர். இன்று ஒரு குடியானவர் தம் எருமையின் நாடியைப் பார்க்க மாணவருக்கு இடங்கொடுத்தால், சில ஆண்டுகளுக்குப் பின் ஏதோ ஓர் ஊரின் மருந்தகத்திற்குத் தேர்ந்த கை ஒன்று வந்து சேருகிறது. தம் ஊருக்கு வரும் மருத்துவரும் வேறோர் ஊராரின் மாட்டிற் பழகியவரே என்பதை மறக்கலாகாது.

நினைவிற் கொள்ள வேண்டியவை

1. மாடு நலமாயிருக்கும்போதே அதன் வெப்பம், நாடி, மூச்சு, அசை இவற்றைக் குறித்து வைக்கவும்.

2. சினை ஊசி போட்ட நாளையும், ஈன்ற நாளையும், தடுப்பூசி போட்ட நாளையும் ஒரு ஏட்டில் எழுதவும். பசுவின் சினைக்காலம் ஏறக்குறைய 280 நாள். எருமைக்கு 310 நாள்.

3. ஒரு வேளை தீனி மறுத்தாலும் வெப்பம் பார்க்கவும். மிகுந்திருந்தால் மறுநாள் வரை காத்திராமல் மருத்துவருக்கு அறிவிக்கவும். தமிழ்நாட்டில் 1962 என்னும் கட்டணமில்லாத் தொலைபேசி எண்ணில் நடமாடும் கால்நடை மருத்துவ ஊர்தியை அழைக்கலாம்.

4. முன்பு கொடுத்த மருந்தை, எதுவாயினும், மறையாமற் சொல்லவும்.

5. திடீரென இறந்த மாட்டை அறுக்காமலும் தோலுரிக்காமலும் காவல் வைத்து, கிராம அலுவலருக்குத் தெரிவிக்கவும்.

6. ஈற்றுக்குத் தவிக்கும் பசுவை ஆட்பலங்கொண்டு இழுக்கலாகாது.

7. கல்லூரி முகாம் ஊருக்கு வரும்போது மாடுகளைத் தவறாது ஓட்டிவரவும். கிராம அலுவலர் முன்கூட்டியே ஊராருக்கு அறிவித்து, நிழலும் தண்ணீரும் உள்ள இடமும், மாடு கட்டத் தறிகளும் ஏற்பாடு செய்து கொடுக்கவும்.

மருத்துவர் பல ஊர்களுக்குப் பொதுவானவர். தொழுவத்தில் எந்நேரமும் இருப்பவர் உடைமையாளர் ஒருவரே. நோயின் முதற் குறியைக் காணும் வாய்ப்பு அவருக்குத்தான் உண்டு. அவர் காலத்தில் கண்டு சொன்னால், ஐந்தரை ஆண்டு பயின்ற கை தன் வேலையைச் செய்ய இயலும்.